சிப்பியும் ஜூஜூவும்

கே: சிக்கலான தொழில்நுட்பத்தை அரை நிமிட விளம்பரத்தில் புரியவைக்க முடியுமா? (பெரம்பலூர் வாசகர்)

வாயைத் திறக்காமல் இருந்தால் முடியும்! 2009 ஐ.பி.எல். சமயத்தில் வோடஃபோன் தன் சேவைகளை விளக்க ஜூஜூக்களை இறக்கியது. முட்டைத் தலை, பானை வயிறு, யாருக்கும் புரியாத முணுமுணுப்பு. ஆனால் சேவை மட்டும் புரிந்தது.

கார்ட்டூன் என்றே பலரும் நினைத்தார்கள். வெள்ளை உடைக்குள் இருந்தவர்கள் மனிதர்கள். சிரிப்பும் அழுகையும் ரப்பரில் செய்து முகத்தில் ஒட்டியவை. எடுத்தவர் பிரகாஷ் வர்மா, இடம் கேப் டவுன்.

கே: அரியலூர் சிமென்ட்டுக்கு அப்படி ஒரு விளம்பரம் எடுத்தால் ஹீரோ யார்? (அரியலூர் வாசகி)

சிப்பி! சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் சிப்பி சிப்பியாகத் தெரியும். அதைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரியில் சுட்டால் கிளிங்கர். கொஞ்சம் ஜிப்சம் போட்டு அரைத்தால் சிமென்ட். கதை முடிந்தது, இன்னும் பத்து நொடி மிச்சம்.

துணை நடிகர் வேண்டுமா? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது. கால்ஷீட் பிரச்சினையே இல்லை.

கே: அரசு சிமென்ட்டுக்கு 'வலிமை' என்று பெயர் வைத்தது அஜித் படத்துக்கு இலவச விளம்பரமா? (செந்துறை வாசகர்)

படத்தின் பெயர் அறிவிப்பு 2019. அரசு நிறுவனமான டான்செம்மின் 'வலிமை' மூட்டை 2021 நவம்பர். படம் ரிலீஸ் 2022 பிப்ரவரி. யாருக்கு யார் விளம்பரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை ஓடத் தொடங்கியது 1979-ல். அப்போது அஜித்துக்கு வயது எட்டு.