கொட்டாங்குச்சி போதும், கோல்ஃப் பழகலாம்

கே: எங்கள் ஊரில் முந்திரித் தோப்பு இருக்கிறது, செம்மண் இருக்கிறது, பக்கத்தில் ஆரோவில் இருக்கிறது. கோல்ஃப் மைதானம் மட்டும் இல்லை. இங்கிருந்தபடியே எப்படி ஆரம்பிப்பது?
— பிளஸ் டூ மாணவர், இடையஞ்சாவடி

ப: தம்பி, மைதானம் கடைசியில்தான் வேண்டும். ஆரம்பிக்க, பந்தை உருட்டும் பட்டர் மட்டை ஒன்று, இரண்டு பந்து, வீட்டு வாசல் இருந்தால் ஆயிற்று. உலகம் முழுக்க கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். அம்மா துருவி முடித்த கொட்டாங்குச்சியின் வாயும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதன் விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி வாசலில் புதைத்துவிடுங்கள். மூன்றடி தள்ளி நின்று உருட்டுங்கள். பத்துக்குப் பத்து விழுந்தால் ஆறடிக்குப் போங்கள். கொட்டாங்குச்சி ஆழம் குறைவு என்பதால் வேகமாக வரும் பந்து எகிறி வெளியே ஓடிவிடும். உங்கள் முதல் வாத்தியார் அதுதான், சம்பளமும் கேட்காது.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 18 குழி மைதானம் ஒன்றின் 'பார்', அதாவது ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய மொத்த அடி, பெரும்பாலும் 72. அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடி, குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் பந்தை உருட்டுவதற்கென்றே வைத்த கணக்கு. ஆட்டத்தில் சரிபாதியை உங்கள் வாசலிலேயே படித்துவிடலாம்.

கே: நான் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவன். இந்தப் பணக்கார விளையாட்டு எனக்கு எதற்கு?
— உப்பளத் தொழிலாளி, மரக்காணம்

ப: வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் தகுதியைப் பற்றிக் கேட்டால், உங்களுக்கு இருக்கும் கண் பல கிளப் உறுப்பினர்களுக்கு இல்லை. கடல்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர்த்துகிறீர்கள். எந்த மூலை ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது என்று வரப்பில் நின்றே சொல்லிவிடுவீர்கள். கிரீனில் ஆட்டக்காரர் குனிந்து குனிந்து தேடுவதும் அதைத்தான். 'இந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் கவிழ்த்தால் எந்தப் பக்கம் ஓடும்?' என்று யோசிக்கச் சொல்லித்தான் பயிற்சியாளர்கள் பாடம் தொடங்குகிறார்கள். தண்ணீர் ஓடும் பக்கம் பந்தும் வளையும். உங்களுக்கு அந்தப் பாடம் தேவையே இல்லை.

கே: கிரிக்கெட்டில் சிக்ஸர் அடிக்கிறேன். நண்பரின் கோல்ஃப் மட்டையை வாங்கி அடித்தால் பந்து பத்தடி தாண்டவில்லை. ஏன்?
— கோட்டக்குப்பம் இளைஞர்

ப: கிரிக்கெட்டில் பந்து வேகத்தோடு உங்களைத் தேடி வருகிறது. இங்கே அது அசையாமல் கிடக்கிறது, வேகம் முழுவதையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். உடனே தோளை முறுக்கி, பந்தை மேலே தூக்கிவிடப் பார்ப்பீர்கள். தவறு அங்கேதான். தூக்குகிற வேலை மட்டையின் முகச்சாய்வினுடையது. நீங்கள் கீழ்நோக்கி அடித்தால் பந்து மேல்நோக்கிப் போகும். மட்டை முதலில் பந்தைத் தொட வேண்டும், பிறகு தரையை.

டிரைவர் என்ற நீள மட்டையை ஆறு மாதம் கண்ணில் காட்டாதீர்கள். செவன் அயர்ன் என்ற இரும்பு மட்டையை எடுத்து இடுப்பு உயரத்துக்கு மட்டும் பின்னே கொண்டுபோய் அரை வீச்சாக அடியுங்கள். பிடி இறுகினால் மணிக்கட்டு செத்துவிடும். உயிருள்ள குருவியைக் கையில் வைத்திருப்பது போலப் பிடியுங்கள், நசுங்கவும் கூடாது, பறக்கவும் கூடாது. ஒன்று சொல்ல மறந்தேன்: கபில்தேவே ஓய்வுக்குப் பிறகு கோல்ஃபுக்கு வந்தவர்தான். இந்தியத் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான பிஜிடிஐ 2024-ல் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

கே: வேட்டி கட்டிக்கொண்டு ஆடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வானூர்

ப: வாசலில் தாராளமாக. கிளப்புக்குப் போனால் காலர் வைத்த சட்டையும் பேன்ட்டும் கேட்பார்கள். பந்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கே: சென்னைக்குக் கூலி வேலைக்குப் போன என் மகனை ஒரு கோல்ஃப் கிளப்பில் பை தூக்கக் கூப்பிடுகிறார்களாம். போகச் சொல்லலாமா? அதில் முன்னேற்றம் உண்டா?
— ஒரு தாய், அனுமந்தை

ப: அம்மா, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இந்திய கோல்ஃபின் பெரிய வெற்றிகள் சிலவற்றைத் தேடிப் போனால் அந்தப் பையைத் தூக்கிய கைகளில்தான் போய் நிற்கும்.

அலி ஷேர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக, அதாவது பை தூக்குபவராக இருந்தவர். 1991-ல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்றார். இந்தியத் தொழில்முறை வீரர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை. 1993-ல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய முனியப்பா 2009-ல் அதே கோப்பையைத் தூக்கினார். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் கதை இன்னும் அழகு. 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன் அவர். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 2008-ல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸில் ஐரோப்பியச் சுற்றின் வீரர்களைத் தாண்டிப் பட்டம் வென்றார். 2016-லும் 2017-லும் அடுத்தடுத்து இந்தியன் ஓப்பன் அவருடையது. பந்தை வெகுதூரம் அடிப்பவர் அல்ல. குழிக்கு அருகே பந்தைச் சற்றே தூக்கி 'சிப்' செய்வதிலும் உருட்டி 'பட்' செய்வதிலும் மன்னன் என்பதால் 'சிப்புட்சியா' என்றே அவருக்குப் பட்டப்பெயர்.

இதையெல்லாம் சொல்லி உங்கள் மகனுக்கு ஆசை மட்டும் காட்டிவிட்டுப் போனால் அது பாவம். இவர்கள் மூன்று பேர். பை தூக்கியே வயதான கேடிகள் எத்தனையோ பேர், அவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அதனால் சேருவதற்கு முன் மகன் நாலு விஷயம் கேட்கட்டும். ஒரு சுற்றுக்குக் கூலி எவ்வளவு, மழை நாளில் என்ன வருமானம், பந்து பட்டுக் காயமானால் மருத்துவச் செலவு யாருடையது, வாரத்தில் ஒரு நாளாவது கேடிகள் ஆட மைதானம் திறந்துவிடுவார்களா. கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வருகிற கிளப்பாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள். கேடிகளுக்கு ஆட நேரம் ஒதுக்குவது ஒவ்வொரு கிளப்பும் பட்டிருக்கும் கடன் என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கடனை அடைத்த இடங்களில்தான் சாம்பியன்கள் முளைத்திருக்கிறார்கள்.

கே: பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா? உடம்பில் அவ்வளவு பலம் வேண்டாமா?
— சுயஉதவிக் குழு உறுப்பினர், பொம்மையார்பாளையம்

ப: 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் நான்கு நாள் ஆடி 15 அடி 'பாரு'க்குக் கீழே முடித்தார். வெண்கலம் ஒரே ஒரு அடியில் போயிற்று, நான்காம் இடம். அவரைவிட வெகுதூரம் அடித்தவர்கள் பலர் அவருக்குப் பின்னால் நின்றார்கள். காரணம் பட்டர்! அன்றைக்கு அவருக்குப் பை தூக்கிய கேடி யார் தெரியுமா? அவருடைய அம்மா. உங்கள் மகள் பழகினால் பையை நீங்களே தூக்குங்கள்.

கே: எனக்கு இடது கைப் பழக்கம்.
— அரசுப் பள்ளி மாணவி, கூனிமேடு

ப: தீக்ஷா தாகருக்கும் அதே பழக்கம்தான். பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர். 2019-ல் தென்னாப்பிரிக்க மகளிர் ஓப்பனை வென்றார். காது கேளாதோர் ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார். இடது கை மட்டை இங்கே தேடித்தான் வாங்க வேண்டும். கிடைக்கவில்லை என்று வலது கை மட்டையால் பழகத் தொடங்காதீர்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு. பட்டரில் இரண்டு பக்கமும் முகம் உள்ள வகை உண்டு, அதில் தொடங்குங்கள்.

கே: இலங்கையில் எங்கட ஆட்கள் யாரும் கோல்ஃப் விளையாடினமோ?
— கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு தாத்தா

ப: விளையாடுகிறார்கள் ஐயா. இலங்கையின் என். தங்கராஜா, கே. பிரபாகரன் இருவரும் நம் நாட்டுத் தொழில்முறைச் சுற்றில் ஆடுகிறவர்கள், தங்கராஜா இங்கே பட்டமும் வென்றிருக்கிறார். 1879-ல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் நடுவே ரயில் பாதையே போகிறது. நுவரெலியாவில் 1889-லிருந்து ஆட்டம் நடக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கே: கடற்கரை மணலில் பழகலாமா?
— மீனவ இளைஞர், கூனிமேடு குப்பம்

ப: பங்கர் என்ற மணல் பள்ளத்திலிருந்து பந்தை வெளியே எடுக்கக் கற்க, கடற்கரை மணலைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சாண்ட் வெட்ஜ் மட்டையின் முகத்தைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் மணலில் அடியுங்கள், மட்டை பந்தைத் தொடவே வேண்டாம். மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே வைக்கும். உலர்ந்த மணலில் ஒரு மாதிரியும் அலை நனைத்த மணலில் வேறு மாதிரியும் வரும், இரண்டையும் பழகுங்கள். கடல் பக்கம் மட்டும் அடிக்காதீர்கள். ஒவ்வொரு பந்தும் கடலுக்குள் போகும் பிளாஸ்டிக். வலை பின்னுகிறவர்கள் இருக்கும் பக்கமும் வேண்டாம். ஜனவரி முதல் ஆமை முட்டையிட வரும் காலம், அப்போது மணலைத் தோண்டுகிற வேலையே கூடாது.

கே: கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய கோல்ஃப் மைதானம் ஒன்று வந்தால் நம் பகுதிக்கு வேலை கிடைக்குமே. நீங்கள் ஆதரிப்பீர்களா?
— ரியல் எஸ்டேட் தரகர், மரக்காணம்

ப: மாட்டேன். இந்த விளையாட்டை மனதார விரும்புகிறவன் என்பதால்தான் இப்படிச் சொல்கிறேன்.

கோல்ஃப் பிறந்தது ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில். செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற இடங்களில் உழவுக்கு ஆகாத அந்த நிலத்தில் ஆடு மேய்ந்து புல்லைக் கத்தரித்தது, ஆண்டு முழுக்கத் தூறும் மழை அதை நனைத்தது. அங்கே மைதானத்துக்கு யாரும் நீர் இறைக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்ச மாதங்கள் வெயில்தான். உப்பளம் இங்கே வாழ்வதே அந்த வெயிலை நம்பி. அதே வெயிலில் 18 குழிக்கும் புல்லைப் பச்சையாக வைத்திருக்க நாளொன்றுக்கு லட்சக்கணக்கான லிட்டர் நல்ல நீர் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றில் உறிஞ்ச உறிஞ்ச, கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறும். கரையோரக் கிணறுகள் உப்புக் கரிக்கும் பயம் வானூர்ப் பக்கத்தில் புதிதில்லை. பக்கத்தில் கழுவெளி இருக்கிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம் அது. புல்லுக்குப் போடும் உரமும் மருந்தும் மழையோடு எங்கே போய்ச் சேரும் என்று நீங்களே யோசியுங்கள். சென்னையிலேயே கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கர் குத்தகையை அரசு 2024-ல் ரத்து செய்தது. ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் அந்த வளாகத்துக்குள்தான். பெருநிலம் யாருக்காக என்ற கேள்வி இனி ஒவ்வொரு மைதானத்தையும் துரத்தும்.

வேறு வழி இல்லாமலில்லை. வறண்ட பகுதிகளில் கிரீனுக்குப் பதில் 'பிரவுன்' போடுவார்கள். மணலோடு எண்ணெய் கலந்து அமுக்கிச் சமன்செய்த வட்டம் அது. ஆடி முடித்ததும் இழுவைப் பாயால் தடம் அழித்துவிட்டு அடுத்தவருக்கு விடுவார்கள். புல் வேண்டாம், நீர் வேண்டாம். எண்ணெய் நிலத்தடிக்கு இறங்காமல் அடியில் காப்பு போட வேண்டும், அந்தக் கவனம் இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம். பஞ்சாயத்துப் பொட்டல் ஒன்றில் இப்படி மூன்றே மூன்று குழி போட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் திட்டத்தோடு யாராவது வந்தால், முதல் நாள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.

கே: சரி, புல் மைதானத்தை ஒரு தடவையாவது பார்க்க ஆசை. எங்கே போவது? எவ்வளவு மட்டை வாங்குவது?
— வங்கி ஊழியர், திண்டிவனம்

ப: நம் பக்கத்துக்குச் சென்னைதான். நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம் இருக்கிறது, தொழில்முறைப் போட்டிகளும் நடக்கும் இடம். பார்வையாளராகப் போக முடியுமா, பயிற்சிக்கு என்ன கட்டணம் என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மலைக்குப் போனால் கொடைக்கானலில் 1895-ல் தொடங்கிய கிளப் இருக்கிறது.

விதிப்படி பையில் 14 மட்டை வரை வைக்கலாம். உங்களுக்கு நாலு போதும்: பட்டர், சாண்ட் வெட்ஜ், நைன் அயர்ன், செவன் அயர்ன். பழையதாகவே வாங்குங்கள், இரும்புக்கு வயதாவதில்லை. கைப்பிடி ரப்பர் மட்டும் வழவழப்பாகி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பெரியவர் மட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். நீளம்தான் குறையும், தலைக்கனம் குறையாது.

கே: எனக்கு 61 வயது. பேரனோடு போட்டி போட முடியுமா?
— முந்திரி விவசாயி, இடையஞ்சாவடி

ப: அதற்கென்றே 'ஹேண்டிகேப்' என்ற கழிவுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2020-லிருந்து உலகம் முழுக்க ஒரே முறை, அதிகபட்சம் 54. உங்களுக்கு 40, பேரனுக்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 110 அடியில் முடித்தால் 40 கழித்து 70. பேரன் 88-ல் முடித்தால் 15 கழித்து 73. வென்றது தாத்தா! வேறெந்த விளையாட்டில் இதை நேர்மையாகச் செய்ய முடியும்?

கே: அம்பயர் இல்லையாமே? ஏமாற்றினால்?
— தட்டச்சுப் பயிற்சி மாணவர், திண்டிவனம்

ப: 1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் என்ற ஆட்டக்காரரின் பந்து புல்லுக்குள் இம்மி அசைந்தது. பார்த்தவர் அவர் ஒருவர்தான். தானே சொல்லி ஓர் அடி தண்டனை ஏற்றுக்கொண்டார். கடைசியில் ஆட்டம் சமனாகி, அடுத்த நாள் மறு ஆட்டத்தில் கோப்பையை இழந்தார். அந்த ஓர் அடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் கோப்பை அவருடையது. நூறு வருடம் ஆகியும் அந்த வருடத்தின் கதையில் எல்லோருக்கும் தெரிந்தவர் அவர்தான். உங்கள் அட்டையில் உங்கள் எண்ணை நீங்களே சரியாக எழுதுங்கள்.

கே: பந்து முந்திரித் தோப்புக்குள் போய்விட்டால்?
— முதல் கேள்வி கேட்ட அதே மாணவர்

ப: 2019-லிருந்து தேடுவதற்கு மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து. கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டனையோடு பழைய இடத்துக்கே திரும்பிப்போய் அடிக்க வேண்டும். ஆனால் பங்குனி சித்திரையில் தோப்புக்குள் கொட்டை பொறுக்கும் பெண்கள் குனிந்தபடி இருப்பார்கள், கோல்ஃப் பந்து கல்லுக்குச் சமம். அந்த மாதங்களில் பிளாஸ்டிக் பயிற்சிப் பந்தைத் தவிர வேறெதையும் அடிக்காதீர்கள். எந்தப் பந்தானாலும் ஆள் இருக்கும் பக்கம் தவறிப் போனால் உடனே கோல்ஃப் வழக்கப்படி 'ஃபோர்!' என்று எச்சரித்துக் கத்துங்கள். நம் ஊரில் அது புரியாது, அதனால் கூடவே 'தலை, தலை!' என்றும் கத்துங்கள்.