பல்லில் கடித்த சாரம்

எங்கள் நீச்சல் குளத்து விதிமுறைப் பலகை எனக்கு மனப்பாடம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது. நைலான் நீச்சல் உடை கட்டாயம். தொற்றுநோய் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. நகை, பணத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. ஒழுங்கில் எனக்குள்ள பற்றால் மனப்பாடம் ஆனதல்ல இது. காலை ஏழு மணிக்கு அண்ணாச்சி உடை மாற்றுவார். அப்போது கண்ணை வைக்க அந்தப் பலகையை விட்டால் வேறு இடம் கிடையாது.

அண்ணாச்சி மாதிரி ஒருவர் எல்லாக் குளத்திலும் உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். குளிர்காலத்திலும் ஒரு நாள் தவறமாட்டார். நீச்சலில் குறை சொல்ல முடியாது. எங்கள் அண்ணாச்சி குறுக்குத்துறைப் படித்துறையில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தாமிரபரணியில் நீந்தப் பழகியவர். சென்னைக்கு வந்து முப்பது வருடமாகியும் லுங்கியை 'சாரம்' என்றுதான் சொல்வார். அதுவும் மூட்டின சாரம். மூட்டாத சாரம் கட்டுகிறவனை அவர் நம்புவதில்லை.

உடை மாற்ற அறை இல்லாமல் இல்லை, இரண்டு இருக்கின்றன. ஒன்றில் துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் டிரம்மும் குடியிருக்கின்றன. இன்னொன்றில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள். தரை எப்போதும் கணுக்கால் நனையும் ஈரம். அங்கே பேண்ட் மாட்டுகிறவன் ஒரு காலில் நின்று, மறு காலை நுழைத்து, கால்சட்டை நுனி தரையில் படாமல் பல்லைக் கடித்துத் தவம் செய்ய வேண்டும். ஒரு பேட்சில் நாற்பது பேர். விசில் ஊதியதும் நாற்பது பேர் கரையேற, அடுத்த நாற்பது பேர் உள்ளே வருவார்கள். பெண்களுக்குத் தனி நேரம் என்பதால் இந்தத் தள்ளுமுள்ளு முழுக்க ஆண்களுடையது.

அண்ணாச்சியும் ஒரு முறை அந்த அறைக்குள் போனவர்தான். வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளிவிட்டார். அன்றோடு அறைக்கு முழுக்கு. "கதவு இல்லாத இடத்துல எவனும் கதவைத் தொறக்க மாட்டாம்வே" என்பது அவர் கட்சி. இதற்கு எதிர்வாதம் இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

அவர் மாற்றும் முறையைச் சொல்ல வேண்டும். சாரத்தைத் தலைவழியே போட்டு, மேல் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்வார். கைகள் உள்ளே போய்விடும். ஈர நைலான் நிக்கர் லேசில் இறங்காது. தொடையில் கயிறாகச் சுருண்டு முரண்டு பிடிக்கும். சாரத்துக்குள் இரண்டு பூனைகள் சண்டை போடுவது போல ஓர் அசைவு. பிறகு நிக்கர் 'சளப்'பென்று காலடியில் விழும். படித்துறையில் ஈரப் பாவாடையை மார்பளவுக்குக் கட்டி, காய்ந்த சேலைக்கு மாறும் நம் ஊர்ப் பெண்களோடு ஒப்பிட்டால் அண்ணாச்சி கத்துக்குட்டிதான். ஆனால் எங்கள் பேட்சில் அவர்தான் வித்வான்.

இதுவரை பிரச்சினை இல்லை. அண்ணாச்சிக்குப் பேச்சுத் துணை இல்லாமல் உடை மாற்றத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. தண்ணீரில் இருக்கும் ஒரு மணி நேரம் வாயே திறக்கமாட்டார். சாரம் பல்லுக்குப் போனதும் மின்கட்டணம், முழங்கால் வலி, மெட்ரோ பள்ளம் என்று உலகச் செய்தி எல்லாம் வரும். பல்லுக்கு நடுவே துணி இருந்தால் உதடு ஒட்டாது. ப, ம இரண்டும் அங்கேயே செத்துப்போகும். வ-வும் பாதி உயிர்தான். 'மாப்பிள்ளை பம்பாய்ல இருக்கான்' என்பது 'ஆ...இள்ளை அ...ஆய்ல இருக்கான்' என்று வெளியே வரும்.

உதடு ஒட்டாமல் பேசுவது தமிழுக்குப் புதிதல்ல. 17-ம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி முழுவதையும் அப்படித்தான் பாடினார். வடமொழியில் தண்டியின் தசகுமார சரிதத்தில் மந்திரகுப்தன் என்பவன் காதலி கடித்த உதடு வலிக்கிறதென்று உதட்டெழுத்தே இல்லாமல் தன் கதையைச் சொல்லி முடிக்கிறான். அவர்கள் உதடு ஒட்டாத சொற்களாகத் தேடி எடுத்தார்கள். அண்ணாச்சிக்கு அந்தச் சிரமம் இல்லை. வாயில் வருவதைச் சொல்வார், பொருள் காண்பது நம் பாடு.

போன மாதம் ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் பேட்சில் சேர்ந்தான். தலைக்குத் தொப்பி வைத்த, முழங்கால் தாண்டித் தொங்கும் ஓர் அங்கிக்குள் புகுந்துகொண்டு உடை மாற்றினான். 'சேஞ்சிங் ரோப்' என்று பேராம். அண்ணாச்சி அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாரம்தான்வே. கை வச்சுத் தச்சிருக்கான்" என்றார்.

பையன் விஷயம் தெரிந்தவன். அமெரிக்காவில் யுஎஸ்ஏ ஸ்விம்மிங் அமைப்பு, குளக்கரையில் துண்டுக்குள் உடை மாற்றுவதற்கு 'டெக் சேஞ்ச்' என்று பேர் வைத்துப் போட்டிகளில் தடையே செய்துவிட்டது என்றான். ஜப்பானில் நீச்சல் வகுப்புக்கென்றே கழுத்தில் எலாஸ்டிக்கும் பக்கவாட்டில் பொத்தானும் வைத்த துண்டு விற்கிறதாம். "அப்ப பல்லு இல்லாதவனும் மாத்தலாம்" என்று அண்ணாச்சி அதை மட்டும் ஒப்புக்கொண்டார். 2010 முதல் ஆண்களின் போட்டி உடை தொப்புளுக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் போகக் கூடாது என்பது உலக விதி என்றதற்கு, "சாரத்தை மடிச்சுக் கட்டினா அளவு சரியா வருமே" என்றார்.

ஐஸ்லாந்துதான் அவரை அசைத்தது. அங்கே நீச்சல் உடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்த பிறகே குளத்தில் இறங்க முடியும். எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று ஓர் உடம்பை வரைந்து சிவப்பில் குறித்த பலகை வேறு குளியலறையில் தொங்கும். அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். "அப்ப மத்தவன் துணி மாத்தும்போது அங்க எந்த போர்டைப் பாப்பாங்க?"

ஐஸ்லாந்துக்காரர்கள் அப்படிக் கறாராக இருப்பதில் நியாயம் உண்டு. குளத்தில் கண்ணை எரிக்கும் நெடியை நாம் குளோரின் என்று திட்டுகிறோம். பெரும்பாலும் அது, நம் வேர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து உண்டாகும் குளோரமைன். அண்ணாச்சி இறங்குவதற்கு முன் லைஃப்பாய் போட்டு இரண்டு தடவை குளிப்பவர். மூடிய அங்கிக்குள் மானத்தைக் காப்பவர்கள் குளிக்காமலே தொபுக்கடீர் என்று குதிக்கிறார்கள்.

இதெல்லாம் பேசிக்கொண்ட வாரத்தில்தான் அண்ணாச்சி சாரத்தைக் கடித்தபடி என்னிடம் மெல்லச் சொன்னார்: "ஒண்ணுக்கு... ஆ..ள... உள்ள..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒண்ணுக்கு. ஆளு. உள்ள. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? "அடக் கண்றாவியே! யாருன்னு தெரியுமா அண்ணாச்சி?" என்றேன் பலகையைப் பார்த்தபடி. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்திருக்க வேண்டும். பேசாமல் சாரத்தை இறக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளும் அதையே சொன்னார். "விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். நாலாம் நாளும் சொன்னபோது நேரே நீச்சல் மாஸ்டரிடம் போய்ப் புகார் செய்தேன். அவர் ஆள் யாரென்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அன்றிலிருந்து குளோரின் பொடியைக் கூடுதலாகவே கொட்டினார்.

பத்தாம் நாள் குளம் கண்ணைப் பிடுங்கியது. ஏழு மணி, விசில். அண்ணாச்சி கரையேறி, துவட்டி, சாரத்தைத் தலைவழியே போட்டுக் கடித்தார். நிக்கர் 'சளப்'பென்று விழுந்தது. "ஒண்ணுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மூக்கு விரிந்தது. கைகள் இரண்டும் உள்ளே சிக்கியிருந்தன.

தும்மல் வந்தது.

தும்மும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்க எந்த ஊர்க்காரனாலும் முடியாது. அடுத்த கணம் பலகைக்கு முன்னால் ஆறேழு பேர், பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கிறவர்கள் போல முண்டிக்கொண்டு நின்றோம். ஐ.டி. பையன் எண்ணெய் தேய்ப்பது பற்றிய விதியை வாய்விட்டே படித்தான். மாஸ்டர் குளோரின் டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காலாவதித் தேதி தேடினார்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. பகரம், மகரம் எல்லாம் அட்சர சுத்தம்.

"பொண்ணுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்குவே! பத்து நாளா சொல்லுதேன். ஒரு மனுசன் நல்லாருக்கட்டும்னு சொல்லலியே. யாருன்னு தெரியுமான்னு கேக்கீரு!"

நான் திரும்பவில்லை. 'நகை, பணத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரியைப் பார்த்துக் கும்பிட்டு, "ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. பேரு வச்சாச்சா?" என்றேன்.

பதில் வந்தது. ஆனால் அதற்குள் சாரம் பல்லுக்குப் போய்விட்டிருந்தது.

"அர...ஏ...சு...அரன்."

பேர் பொறித்த தங்கக் காப்புக்குச் சொல்லியாகிவிட்டது. பரமேசுவரனா, அமரேசுவரனா என்றுதான் கடைக்காரர் கேட்கிறார்.