பக்காசுரனுக்கு எந்த ஊர்?

கேள்வி: டிவியில் வந்த ராமாயணத்தை அறிஞர்கள் ஏன் குறை சொல்கிறார்கள்?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: எல்லா அறிஞர்களும் சொல்லவில்லை. ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கி, ஞாயிறு காலைகளில் தெருக்களைக் காலியாக்கியது. அமெரிக்க அறிஞர் பிலிப் லுட்ஜெண்டார்ஃப் 1990-இல் அதைப் பரிவோடு ஆராய்ந்தார். ராமன் முகத்தை விட்டு நகராத கேமராவில் கோயில் தரிசனத்தையும், இழுவை என்று பலர் அலுத்துக்கொண்ட நடையில் கதாகாலட்சேபத்தின் நிதானத்தையும் கண்டார். அனுமன் கடல் தாண்ட ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் பக்தருக்கு என்ன அவசரம்?

வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பரின் கவலை வேறு. ஊருக்கொரு விதமாக வாழும் கதையை அரசுத் தொலைக்காட்சியே ஒரே வார்ப்பில் ஊற்றினால் மற்ற ராமாயணங்கள் என்ன ஆகும்? இதில் நான் அவர் பக்கம். தொடரின் பெயர்ப் பட்டியலில் கம்பனும் உண்டு. கதையை நடத்திச் செல்பவரோ பெரும்பாலும் துளசிதாசர்தான். நம் ஏ.கே.ராமானுஜன் முந்நூறு ராமாயணங்களைப் பற்றி எழுதியவர். அத்தனையும் ஒரு பெட்டிக்குள் அடங்குமா!

மகாபாரதத்துக்கும் இதே கதைதான். வியாசரின் பகாசுரன் ஏகசக்கரபுரிக்காரன். உங்கள் குன்னூர்ப் பக்கமோ, பழைய கோட்டை நிற்கும் குன்றுக்குப் பக்காசுரன் மலை என்று பெயரிட்டு, அவனை நீலகிரிக்காரனாகவே ஆக்கிவிட்டது. எந்தத் தயாரிப்பாளருக்கும் தோன்றாத திரைக்கதை இது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.