டீச்சரம்மா, ஏட்டைக் கெடுக்க வழி சொல்லுதேன்

வகுப்புல அன்னன்னைக்கு நடந்ததைப் பிள்ளையளே கூடி ஒரு ஏட்டுல எழுதணும், எழுதினதை எல்லாரும் போன்ல பாக்கணும்னு ஏற்பாடு பண்ணியிருக்கியளாமே டீச்சரம்மா. தாராவி தொண்ணூறு அடி ரோடு பூரா இதே பேச்சுதான். கூகுள் டாக்ஸாம், ஒரே தாள்ல நாப்பது பேரும் ஒரே நேரத்துல எழுதலாமாம். எங்க காலத்துல ஒரே தாளை நாப்பது பேர் பாத்து எழுதினா அதுக்குப் பேரு வேற.

நல்ல காரியம்தான். நல்ல காரியம்னு வாயால சொல்லியாச்சுல்லா, இனி அதை எப்படிக் கெடுக்கலாம்னு சொல்லுதேன். கெடுக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. நம்ம ஆளுவ முறை தெரியாம அவசரப்பட்டுத்தான் கெடுக்காவ.

மொதல்ல, எழுதுற பொறுப்பை முதல் ரேங்க் பிள்ளைகிட்ட குடுத்திருங்க. அது எழுதும்: ‘இன்று ஆசிரியை ஒளிச்சேர்க்கை பற்றிச் சிறப்பாக விளக்கினார். மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர்.’ மறுநாளும் அதேதான். ஒளிச்சேர்க்கைய எடுத்துட்டு பின்னங்களைப் போட்டுக்கிடும். மார்ச் மாசம் வரைக்கும் பாடம் மாறும், ஆர்வம் மட்டும் மாறவே மாறாது. ஹெட்மாஸ்டர் பாத்துச் சிரிப்பாரு, பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வர்ற பீட் ஆபீசர் பாத்துத் தலையாட்டுவாரு. கரண்டு போயி பாதி வகுப்பு இருட்டுல நடந்தது, பின்சந்து மெஷின் சத்தத்துல கடைசி மூணு வரிசைக்கு ஒண்ணுமே கேக்காமப் போனது, ‘ஒளிச்சேர்க்கை ராத்திரி நடக்குமா’ன்னு ஒரு பய கேட்டதுக்கு நீங்க ‘நாளைக்குச் சொல்லுதேன்’னு நழுவினது, இதெல்லாம் ஏட்டுல ஏறப்படாது. ஏறினா நாளைக்கு நீங்க பதில் சொல்லணும்லா?

அடுத்தது திருத்தம். பிள்ளை ‘மழ பேஞ்சிச்சி’ன்னு எழுதின கையோட நீங்க ‘மழை பொழிந்தது’ன்னு மாத்திரணும். ராத்திரி பத்து மணி ஆனாலும் விடப்படாது. ஒரே ஒரு சங்கடம் இருக்கு, என் பேத்தி காட்டித் தந்தா. யாரு, எப்ப, எதை அழிச்சாவன்னு பழைய வடிவமெல்லாம் அந்த டாக்ஸுக்குள்ளேயே பத்திரமா இருக்குமாம். ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ன்னு அமுக்கினா வண்டவாளம் பூரா வெளிய வந்துரும். வருஷக் கடைசியில எடுத்துப் பாருங்க. பிள்ளைய எழுதினதைவிட டீச்சர் அழிச்சது கூட இருந்தா, ஏட்டுக்கு உங்க பேரையே வெச்சிரலாம்.

மார்க்கு வைக்க மறந்துராதிய, அதுதான் உத்தமமான வழி. 2011-ல புனேயில இது நடந்தே போச்சு. காலேஜ் பிள்ளைய பாடத்தோட ஒரு பாகமா விக்கிப்பீடியாவுல இங்கிலீஷ் கட்டுரை எழுதணும்னு ஒரு ஏற்பாடு. புனே இன்ஜினியரிங் காலேஜ், சிம்பயாசிஸ்னு பேர்பெற்ற எடமெல்லாம் சேந்துது. பிள்ளைய என்ன செஞ்சுது? பொஸ்தகத்துலேயும் இணையத்துலேயும் கெடந்ததை அப்படியே அள்ளிக் கொண்டாந்து ஒட்டிட்டுது. விக்கிப்பீடியாவுல சம்பளமில்லாம சோலி பாக்குற ஆளுவ ராப்பகலா உக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சாவ. வருஷம் முடியுறதுக்குள்ள அந்த ஏற்பாட்டை நிறுத்த வேண்டியதாப் போச்சு. அதே வருஷம் நவம்பர்ல நம்ம மும்பை பல்கலைக்கழகத்துல இந்தியாவோட மொத விக்கி மாநாடு, ஜிம்மி வேல்ஸே வந்து நின்னாரு. அங்கன கைதட்டல், இங்கன தொடைப்பம். பிள்ளையளைக் குத்தஞ்சொல்ல ஒண்ணுமில்ல டீச்சரம்மா. மார்க்குக்கு எழுதச் சொன்னா மார்க்குக்குத்தான் எழுதும்.

போட்டோவும் தாராளமாப் போடுங்க. சீப் கெஸ்ட் சால்வையோட நிக்கது ஒண்ணு, பிள்ளைய வரிசையா கைதூக்கி நிக்கது ஒண்ணு. பேரும் முகமும் வீட்டு விலாசமும் ஊரே பாக்கட்டும். 2023-ல வந்த சட்டம் ஒண்ணு, பதினெட்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளையளோட விவரத்தைக் கணினியில கையாளப் பெத்தவங்க சம்மதம் வேணும்னு சொல்லுது. சட்டம் கெடக்கு, லைக்கு வருமா? விளையாட்டுக்குச் சொன்னேம்மா, நெசமாச் செஞ்சிராதிய. ஏட்டோட லிங்க் வகுப்புப் பிள்ளையளுக்கும் வீட்டாளுவளுக்கும் மட்டும் போனாப் போதும். ஊருக்குத் தெரிய என்ன கெடக்கு?

போன் கதையும் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 2015-ல மாநகராட்சி எட்டாம் வகுப்புப் பிள்ளையளுக்கு டேப் குடுத்துச்சு, இருபதாயிரம் பேருக்கு மேல. பைச் சுமை குறையணும்ங்கிறது நோக்கம். 2020 ஏப்ரல்ல கொரோனா தாராவிக்குள்ள வந்தப்போ பள்ளிக்கூடமே போனுக்குள்ள போயிட்டுது. அப்பதான் தெரிஞ்சுது, ஒத்தை ரூம் கோலியில பிள்ளைய மூணு, போன் ஒண்ணு. இப்பவும் அந்த ஒண்ணு காலையில அப்பன் சட்டைப்பையில ஏறி வேலைக்குப் போயிருது, திரும்பி வர ராத்திரி ஒம்பதாவுது. அதனால வகுப்புலேயே நோட்டுல பேனாவால எழுதட்டும். சாயங்காலம் ஒரு படம் புடிச்சு ஏத்திருங்க. அதுக்கு உங்க போன் ஒண்ணு போதும். எழுத்து கோணலா இருக்கும். இருக்கட்டுமே.

இனி கெடுக்காம இருக்க ஒரு வழி. எங்க ஊர்ச் சங்கத்துல நான் மினிட் புக் எழுதினவன். திருநெல்வேலிச் சீமையில இருந்து தோல் ஷாப்புல வேலைக்கு வந்த கூட்டம் நாங்க. வந்த எடத்துல ஊருக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு மினிட் புக். ஞாயித்துக்கிழமை கூட்டம் கூடினா மொதச் சோலி, போன கூட்டத்து நடவடிக்கைய வாசிக்கதுதான். ‘சீட்டுப் பாக்கி பத்திக் கேள்வி வந்தது, பொருளாளர் அடுத்த கூட்டத்தில் சொல்வதாகச் சொன்னார்’னு வாசிப்பேன். எல்லாரும் பொருளாளர் மூஞ்சியப் பாப்பாவ. ‘நான் அப்படியா சொன்னேன்?’னு அவரு எந்திரிப்பாரு. ‘ஆமா சொன்னீரு’ன்னு நாலு பேரு சாட்சி சொல்லுவாவ. அதுக்குப் பொறவுதான் ‘வாசித்து ஏற்றுக்கொள்ளப்பட்டது’ன்னு கையெழுத்து விழும். அந்தப் பொஸ்தகத்துக்கு இருந்த மரியாதை தலைவருக்குக்கூடக் கெடையாது.

அதை வகுப்புக்குக் கொண்டாங்க. தினம் ரெண்டு பேர் எழுதணும், முறை வெச்சு எல்லாருக்கும் வரணும். மறுநாள் மணி அடிச்சதும் மொத அஞ்சு நிமிஷம் அதை வாசிக்கணும். தப்பா இருந்தா பிள்ளையளே ‘இல்ல, அப்படி நடக்கல’ன்னு சொல்லட்டும். ‘ராத்திரி ஒளிச்சேர்க்கை நடக்குமான்னு கேட்டான், டீச்சர் நாளைக்குச் சொல்லுதேன்னாங்க’ன்னு நாப்பது பேர் முன்னாடி வாசிச்சா நீங்க அந்தப் பொருளாளர் மாதிரி முழிக்க வேண்டியதுதான். முழிச்சாலும் பதிலைச் சொல்லிருங்க.

இப்படிப் பிள்ளையளை எழுதவிட்ட வாத்தியார் ஒருத்தர் பிரான்ஸ்ல இருந்தாரு, செலெஸ்தாங் ஃப்ரெனேன்னு. மொத உலகப் போர்ல நுரையீரல்ல அடிபட்டவரு, நின்னு நெடுநேரம் பேச மூச்சு காணாது. 1920-கள்ல பார்-சுர்-லூங்கிற கிராமத்துப் பள்ளிக்கூடத்துல சின்ன அச்சு மெஷின் ஒண்ண வாங்கி வெச்சு, பிள்ளைய அன்னன்னைக்குக் கண்டதையும் பேசினதையும் பிள்ளையளே எழுதி அச்சடிக்க வெச்சாரு. அடிச்ச தாளை தூரத்துல இருந்த திரெகுங்க் பள்ளிக்கூடத்துக்குத் தபால்ல அனுப்பினாவ, அங்கயிருந்து அவிய தாள் வந்துது. வாத்தியாருக்கு மூச்சு வாங்கினதுனால பிள்ளையளுக்கு வாய் கெடைச்சுது. உங்களுக்குக் குரல் கணீர்னு மூணு சந்து தாண்டிக் கேக்கும், அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம தாராவி நயா நகர்ல, நவ்நீத் ரஞ்சன்னு ஒரு படக்காரர் கூட இருந்து சொல்லிக் குடுத்ததுல, சின்னப் பொம்பளப் பிள்ளைய போனுக்கு ஆப் செஞ்சுதுவ. அதுல ஒண்ணு தண்ணி புடிக்க போன்லேயே வரிசை போட்டு, முறை வந்ததும் சொல்ற ஆப். குழாயடியில குடத்தோட நின்னு அடிபட்ட பிள்ளைக்கு எதை எழுதணும்னு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. உங்க வகுப்புலயும் அப்படிப் பிள்ளைய உண்டு, எழுதவிட்டுப் பாருங்க.

அட, போன்ல ஏத்துறதே வீண் சோலின்னு நான் சொன்னதா நினைச்சிராதிய. 2005 ஜூலை 26 அன்னைக்கு சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை. எங்க சங்கத்துல பரண்ல இருந்த பாத்திரம் தப்பிச்சுது, கீழ்த்தட்டுல இருந்த மினிட் புக் பூரா கூழாப் போச்சு. யாரு எவ்வளவு பாக்கின்னு கேக்க இன்னைக்கு நாதியில்ல. பாக்கி வெச்சவனுவ மட்டும் அந்த மழையை வாழ்த்திக்கிட்டிருக்கானுவ.

இன்னொண்ணு. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும்போது ஊர்க் கோயில் கொடைக்குப் போன பிள்ளைய பாதி திரும்பியிருக்காது. தாதர்-திருநெல்வேலி எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கெடைக்கணும்லா. ஜூலையில தண்டவாளத்துல தண்ணி நின்னு, மாட்டுங்காவில இருந்தும் செம்பூர்ல இருந்தும் டீச்சருவளே வந்து சேரமாட்டாவ. வராத பிள்ளை வீட்டுல இருந்து வாசிச்சு, ‘நேத்து என்ன நடந்தது’ன்னு தெரிஞ்சுக்கிட்டா அந்த ஏடு உருப்படி. வந்த பிள்ளைக்கே விளங்கலன்னா அது பீட் ஆபீசருக்கு எழுதின ஏடு.

அதனால திங்கக்கிழமை மொதப் பக்கத்தை முதல் ரேங்க்குக்குக் குடுக்காதிய. ராத்திரி ஒளிச்சேர்க்கை நடக்குமான்னு கேட்டானே, அந்தப் பயலைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்க. பதிலையும் தயார் பண்ணிக்கிட்டுப் போங்க, டீச்சரம்மா.