ரிமோட்டைத் தட்டுதல்: தோற்றமும் வளர்ச்சியும்

சேனல் மாறாதபோது டிவி ரிமோட்டை உள்ளங்கையிலோ தொடையிலோ இரண்டு தட்டுத் தட்டி மறுபடி அழுத்திப் பார்ப்பது, சாதி, சமயம், வருமானம் கடந்து நம் வீடுகளில் நிலைபெற்றுவிட்ட ஒழுகலாறு. தட்டத் தெரியாதவர் இல்லை. தனக்குத் தட்டக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று சொல்லக்கூடியவரும் இல்லை. இத்துணைப் பரவலான வழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கும் போக்கு படித்தவர்களிடையே, குறிப்பாக வீட்டிலிருக்கும் பொறியியல் மாணவர்களிடையே, காணப்படுகிறது. அப்போக்கை மறுத்து, தட்டு வாங்குவது ரிமோட்டின் பிறவிக்குணம் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றுச் சான்று. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950இல் 'லேசி போன்ஸ்' என்ற ரிமோட்டை விற்றது. அது டிவியோடு நீண்ட வயரால் இணைக்கப்பட்டிருந்தது. வீட்டார் காலில் மாட்டித் தடுக்கிவிழவும் பயன்பட்டது. 1955இல் அதே நிறுவனத்தின் யூஜின் பாலி 'ஃபிளாஷ்மேட்டிக்' என்பதை உருவாக்கினார். துப்பாக்கி வடிவில் ஒரு விளக்கு. திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்கள். ஜன்னல் வழியே வெயில் விழுந்தால் சூரியனே சேனலை மாற்றிவிடும் என்பது அதன் சிறு குறை.

நம் ஆய்வுக்கு முக்கியமானது அடுத்த ஆண்டு வந்த 'ஸ்பேஸ் கமாண்ட்'. இதை வடிவமைத்தவர் ராபர்ட் ஆட்லர். இதில் பேட்டரி இல்லை. பேட்டரி தீர்ந்துபோனால் டிவியே கெட்டுவிட்டதாக வாடிக்கையாளர் எண்ணிவிடுவார் என்று விற்பனைப் பிரிவினர் அஞ்சியதே காரணம். சரி, பேட்டரி இல்லாமல் எப்படி வேலை செய்தது? உள்ளே நான்கு அலுமினியக் கம்பிகள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் போய்க் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழும். டிவி அதைக் கேட்டு அடிபணியும். கால் நூற்றாண்டு காலம் இந்த முறை கோலோச்சியது. அதாவது, ஒவ்வொரு முறை சேனல் மாறியதும் தட்டியதால்தான். பின்னர் அகச்சிவப்புக் கதிர் வந்து சுத்தியலை வேலையை விட்டு நீக்கியது. கருவி கைவிட்ட கடமையை மனிதன் கையில் எடுத்துக்கொண்டான் என்பதே இந்த ஆய்வாளரின் கருதுகோள். இதற்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆனால் இதைவிட அழகான கருத்து இருக்க முடியாது.

தமிழகத்து நிலை வேறு. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது இங்கே ரிமோட் என்பது வீட்டின் கடைக்குட்டிப் பிள்ளை. எழுந்து போய்க் குமிழைத் திருகுவது, சத்தத்தைக் குறைப்பது, மொட்டை மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்பிவிட்டுத் "தெரியுதா?" என்று கத்துவது எல்லாம் அவன் பணி. படம் உருண்டால் பெட்டியின் பக்கவாட்டில் பலமாக ஒன்று வைப்பது மட்டும் அப்பாவின் தனியுரிமை. அந்த அடி வெறும் ஆத்திரமல்ல. பெட்டி சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே ஈயப்பற்று வைத்த இணைப்புகளில் மயிரிழை விரிசல் விழும். தட்டினால் அவை தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்ற பழமொழிக்கு மின்னணுவியல் உரை எழுத வேண்டுமானால் இங்கே தொடங்கலாம். ரிமோட் வந்தபோது அப்பாவின் கை பெட்டியிலிருந்து அதற்கு இடம்பெயர்ந்தது. 2006க்குப் பின் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் இந்தக் கலையை ஊர்தோறும் கொண்டு சேர்த்தன. பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது. கூடவே இரண்டாவது ரிமோட்டும். ஒன்றின் குற்றத்துக்கு மற்றொன்று அடி வாங்கும் அநீதி அன்று முதல் தொடர்கிறது.

இனி, தட்டுவதால் உண்மையில் என்னதான் நடக்கிறது? ரிமோட்டுக்குள் ஒன்றரை வோல்ட் பேட்டரிகள் இரண்டு, சுருள் கம்பியின் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நாளாக ஆக, உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய துருப்படலம் படரும். தட்டும்போது பேட்டரி அரை மயிரிழை நகர்ந்து அந்தப் படலத்தைச் சுரண்டுகிறது. மின்சாரத்துக்கு வழி பிறக்கிறது. மூடியைக் கழற்றிக் கட்டைவிரலால் பேட்டரியை உருட்டிவிடும் முறை இதன் அடுத்த நிலை. தட்டுவோரை விட உருட்டுவோர் நுட்பம் மிக்கவர்கள். ஆனால் மூடியைத் தொலைத்தவர்களும் அவர்களே. ரப்பர் பேண்ட் போட்ட ரிமோட்டைப் பார்த்தால் அந்த வீட்டில் ஓர் உருட்டாளர் இருக்கிறார் என்று துணிந்து முடிவு கட்டலாம்.

பேட்டரியைக் கழற்றி வெயிலில் வைக்கும் மரபைக் கண்டும் சிரிப்பதற்கில்லை. மலிவான பேட்டரிகள் 1866இல் பிரான்சின் ஜார்ஜ் லெக்லான்ஷே கண்டறிந்த துத்தநாக மின்கலத்தின் வாரிசுகள். வேலை செய்யும்போது உள்ளே வேதிக்கழிவுகள் ஓரிடத்தில் குவிந்து மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. சும்மா விட்டால் அவை மெல்லக் கலைந்து, பேட்டரி கொஞ்சம் உயிர் பெறுகிறது. வெயிலின் சூடு அந்த வேதிவினையைச் சற்றே விரட்டிவிடும். ஆகவே அம்மா பேட்டரியை வடகத்தோடு காயவைப்பது அறிவியலுக்குப் புறம்பானதன்று. பல்லால் கடிக்கும் பிரிவினரைப் பற்றி மட்டும் அதிகம் எழுத விரும்பவில்லை. அந்தத் துத்தநாகக் குவளை நசுங்கினால் உள்ளே இருக்கும் கலவை நெருங்கிச் சேரலாம். ஓட்டை விழுந்தால் அதே கலவை நாக்கிலும் சேரலாம்.

கையை நீட்டி அழுத்துவோர் பற்றி ஒரு சொல். ரிமோட் அனுப்புவது சுமார் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி. பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை மின்னி மறைவது. ஒளிக்கு அரை மீட்டர் ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் கணக்குப் போடவில்லை. தொலைவு குறையக் குறைய, ஒளியின் செறிவு அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் தாத்தா கையை அரை மீட்டர் நீட்டினால், டிவியைச் சேரும் ஒளி 44 சதவீதம் அதிகரிக்கிறது. நாற்காலியை விட்டு எழாமல் மனிதகுலம் ஈட்டிய பெரும் ஆதாயங்களுள் இதுவும் ஒன்று. பொத்தானை நகம் வெளுக்க அழுத்துவதிலும் பொருளுண்டு. ரப்பர் பொத்தானுக்கு அடியில் ஒரு கரிப்பொட்டு இருக்கிறது. தேய்ந்த பொட்டு அழுத்தினால்தான் சரியாகத் தொடும். சாம்பார் கையிலிருந்து காக்க ரிமோட்டுக்குப் போடும் பாலித்தீன் உறையோ அகச்சிவப்பை அவ்வளவாகத் தடுப்பதில்லை. உறையைக் குறை சொல்லும் மருமகள்கள் வேறு காரணம் தேட வேண்டும்.

தட்டலும் உருட்டலும் தோற்ற பின் வருவது கடிகாரக் கட்டம். "டேய், சுவர்க் கடிகாரத்துல இருக்கறதக் கழட்டிப் போடுடா, மணி எங்க ஓடிடப் போவுது" என்று அப்பா சொல்வார். அவர் சொன்னபடியே மணி ஓடாது. கடைசி ஓவர் முடிந்து மூன்று நாள் ஆன பின்னும் அந்த வீட்டில் எட்டு இருபதுதான். இதில் வருந்தத்தக்கது, மாற்றத்தின் திசை தலைகீழ் என்பது. ஒளியை உமிழும் நொடியில் ரிமோட் குடிக்கும் மின்சாரத்தை நோக்கக் கடிகாரம் குடிப்பது மிகச் சொற்பம். ரிமோட் செத்துவிட்டதென்று தூக்கி எறியும் பேட்டரி, கடிகாரத்தில் மாதக்கணக்கில் முள்ளைத் தள்ளும். முறைப்படி பேட்டரி ரிமோட்டில் பணியாற்றி, கடிகாரத்தில் ஓய்வூதியம் பெற வேண்டும். நாமோ ஓய்வு பெற்றவரைக் கூப்பிட்டு மூட்டை தூக்கச் சொல்கிறோம்.

ஆய்வுக்கு எதிராக இரண்டு ஆட்சேபங்கள் எழுப்பப்பட்டுள்ளன. செல்போன் கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான போன்களில் ஊதா கலந்த வெள்ளை வெளிச்சம் தெரியும். தெரிந்தால் ரிமோட் நலம், தட்டத் தேவையில்லை என்பது முதலாவது. முறை சரியானதே. ஆனால் தட்டுவதற்கு ஒரு கை போதும். இதற்கு இரண்டு கையும், சார்ஜ் உள்ள போனும், அதைக் கையிலிருந்து விட மனமுள்ள பிள்ளையும் வேண்டும்.

புது பேட்டரி வாங்கிப் போட்டால் என்ன என்பது இரண்டாவது. இதைக் கேட்டவர் தலைதீபாவளிக்கு வந்திருந்த மாப்பிள்ளை. களச்சூழல் பற்றிய அவரது அறிமுகம் போதாது என்பதால் இந்த வினா பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. "அதெல்லாம் வாங்கிக்கலாம் மாப்ளே, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, மாமனார் ரிமோட்டைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். சேனல் மாறியது.