துணி ஆலை, வேர்க்கடலை, கொஞ்சம் அணுகுண்டு

அரசாங்கத் திட்டம் எதுவானாலும் அதற்கு ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிக்கு முன்னால் குடிசை போட்டவனுக்குப் பட்டா. மறுநாள் போட்டவன் ஆக்கிரமிப்பாளன். 1968-இல் கையெழுத்துக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமும் இதே தாலுகா ஆபீஸ் மூளையில் உதித்ததுதான். 1967 ஜனவரி 1-க்கு முன்னால் குண்டு வெடித்துக் காட்டியவர்களுக்குப் பட்டா. அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ், சீனா என ஐந்து பட்டாதாரர்கள். மற்றவர்கள் கை கட்டி நிற்க வேண்டும். பட்டாதாரர்கள் தங்கள் குண்டுகளைக் கலைப்பது பற்றி நல்லெண்ணத்தோடு பேசுவார்களாம். இன்னும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் என்று ஒன்று வந்தால் பின்னாலேயே ஒரு சிபாரிசும் வரும்: “இவன் நம்ம பையன், கொஞ்சம் பார்த்து விடுங்க.”

முதல் நம்ம பையன், ஒப்பந்தம் வருவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிட்ட இஸ்ரேல். நெகேவ் பாலைவனத்தில் டிமோனா அருகே, பிரெஞ்சுக்காரர்கள் தயவில் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. 1960 செப்டம்பரில் ஹெலிகாப்டரில் அந்தப் பக்கமாகப் போன அமெரிக்கத் தூதர் ஆக்டன் ரீட், கீழே பார்த்து அது என்ன என்று கேட்டார். கூட வந்த இஸ்ரேல் அதிகாரி அந்த நிமிஷத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: துணி ஆலை. ஹெலிகாப்டரில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருந்திருந்தால், “எத்தனை ஸ்பிண்டில்ங்க?” என்று கேட்டு அங்கேயே கதையை முடித்திருப்பார்.

குட்டு சீக்கிரமே உடைந்தது. டிசம்பரில் பிரதமர் பென்குரியன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது அணு உலைதான், ஆனால் அமைதிக்கானது என்றார். அமெரிக்க அதிபராக வந்த கென்னடி விடவில்லை, ஆள் அனுப்பிப் பார்த்தே தீருவேன் என்றார். 1961-இலிருந்து 1969 வரை அமெரிக்க நிபுணர்கள் போய்வந்தார்கள். அது சோதனையே இல்லை, பெண் பார்க்கும் படலம். தேதி முன்கூட்டியே சொல்லப்படும். வீட்டார் காட்டும் அறையை மட்டும் பார்க்கலாம். பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, “பெண் லட்சணமாக இருக்கிறாள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். தரைக்குக் கீழே ஆறு தளங்கள் இருந்ததும், அங்கே இறங்கும் லிஃப்டுகள் வருகை நாட்களில் சுவருக்குப் பின்னால் மறைக்கப்பட்டதும் பிற்பாடு வெளிவந்த கதை.

1969 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சனும் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயரும் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். நீங்கள் வெடித்துக் காட்ட வேண்டாம், நாங்கள் கேட்க மாட்டோம் என்பதே சாரம். மேற்காசியாவுக்குள் அணு ஆயுதத்தை முதலில் ‘அறிமுகப்படுத்த’ மாட்டோம் என்பது இஸ்ரேலின் வாக்கு. வீட்டிலேயே இருக்கும் மாப்பிள்ளையை யாரும் அறிமுகப்படுத்துவதில்லைதானே! 1986-இல் டிமோனாவின் முன்னாள் ஊழியர் வனுனு உள்ளே எடுத்த படங்களை லண்டன் பத்திரிகைக்குக் கொடுத்தார். குண்டு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருக்கிறது என்று சொன்னவருக்கு 18 வருஷம் சிறை.

அடுத்த பையன் பாகிஸ்தான். கஹுட்டாவில் யுரேனியம் செறிவூட்டுகிறார்கள் என்று 1979 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் உதவியை நிறுத்தினார். டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தது. பாகிஸ்தான் ஒரே ராத்திரியில் உத்தமப் பையனாகிவிட்டது. கார்ட்டர் 40 கோடி டாலர் தருகிறேன் என்றார். பாகிஸ்தானை ஆண்ட ஜெனரல் ஜியா அதை வேர்க்கடலை என்று தள்ளினார். கார்ட்டரின் குடும்பத் தொழிலே வேர்க்கடலை விவசாயம்! அடுத்து வந்த ரீகன் 320 கோடி டாலர் தந்தார், எஃப்-16 விமானங்களையும் விற்றார்.

1985-இல் அமெரிக்கச் சட்டத்தில் பிரஸ்லர் திருத்தம் வந்தது. பென்ஷன்காரர் வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுப்பதுபோல, பாகிஸ்தானிடம் குண்டு இல்லை என்று அமெரிக்க அதிபர் ஆண்டுதோறும் சான்று தந்தால்தான் உதவி தொடரும். 1989 வரை தவறாமல் தந்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே சோவியத் படை மூட்டை கட்டியிருந்தது. 1990 அக்டோபரில் புஷ்ஷின் பேனாவில் மை தீர்ந்தது. பாகிஸ்தான் காசு கட்டியிருந்த 28 எஃப்-16-கள் அரிசோனா பாலைவனத்தில் வெயில் காய்ந்தன. பல வருஷம் கழித்துக் கொஞ்சம் ரொக்கம், கொஞ்சம் கோதுமை என்று கணக்கு முடிந்தது. கண்ணை மூடியிருந்த காலத்துக்கு வட்டி 2004-இல் வந்தது. அணுத் தொழில்நுட்பத்தை விற்று ஈரான், லிபியா, வட கொரியா என்று கிளைகள் திறந்த பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.கியூ.கான் தொலைக்காட்சியில் தவற்றை ஒப்புக்கொண்டார்.

இதுவரை சிரித்தோம். இனி நம் முறை.

கனடா கொடுத்த உலை, அமெரிக்கா கொடுத்த கன நீர், அதில் பிறந்த புளுட்டோனியம். 1974 மே 18-இல் பொக்ரானில் வெடித்தோம். ‘அமைதிக்கான வெடிப்பு’ என்று பெயரும் வைத்தோம். துணி ஆலையைவிட மோசமான பொய் என்று சொல்ல முடியாது. இனி யாரும் இப்படிச் செய்யக்கூடாது என்றுதான் அணுப்பொருள் விற்கும் நாடுகள் சங்கம் அமைத்தன. அந்தச் சங்கம் 1992-இல் விதியை இறுக்கியபோது, கூடங்குளம் 1988-இலேயே எடுத்த டிக்கெட் என்று ரஷ்யா வாதாடி நம்மை உள்ளே விட்டது. 2008 செப்டம்பர் 6-ஆம் தேதி வியன்னாவில் அதே சங்கத்தின் 45 நாடுகள் நமக்கு விலக்கு அளித்தன. ஆஸ்திரியா, அயர்லாந்து, நியூசிலாந்து போன்றவை முனகின. வாஷிங்டன் முதுகில் தட்டிச் சமாதானம் செய்தது. நம்மைத் தடுக்கப் பிறந்த சங்கம் நமக்கே மாலை போட்டது. ஆனாலும் உறுப்பினராக்கவில்லை. கடையில் வாங்கலாம், கல்லாவில் உட்கார முடியாது.

நாம் கான் போலக் கிளை திறக்கவில்லை என்பது உண்மை. ஆகவே நமக்குத் தகுதி உண்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 1998-இல் மறுபடி வெடித்தபோதும் இதே நல்லொழுக்கம்தான் நம்மிடம் இருந்தது. கிடைத்தது பொருளாதாரத் தடை. இடையில் சீனா வளர்ந்தது, நம் சந்தையும் வளர்ந்தது. பையனின் நன்னடத்தைச் சான்றிதழில் எழுதியிருப்பது எப்போதும் கையெழுத்துப் போடுபவரின் தேவைதான். அதில் காலாவதித் தேதியை மட்டும் யாரும் அச்சடிப்பதில்லை. அரிசோனா வெயிலில் நின்ற அந்த 28 விமானங்களுக்கு அது தெரியும்.