வாசல் கற்றாழையும் தலைகீழ் வாழ்வும்: ஓர் ஆய்வு

சோற்றுக்கற்றாழையை வேரோடு பிடுங்கி, கறுப்புக் கயிற்றில் கட்டி, வாசல் நிலைக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக உண்டு. படிகாரமும், மிளகாயோடு கோத்த எலுமிச்சம்பழமும் இதன் சக ஊழியர்கள். மூன்றுக்கும் வேலை ஒன்றே: வருவோர் போவோர் கண்ணை வீட்டுக்குள் விடாமல் நிறுத்துவது. மூன்றில் உயிரோடு பணிபுரிவது கற்றாழை மட்டுமே என்பதால் இவ்வாய்வு அதையே எடுத்துக்கொள்கிறது.

இத்துறை அறிஞர்கள், அதாவது எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்போர், வகுத்த கோட்பாடு இதுதான். செடி வாடினால் திருஷ்டியைத் தன்மேல் வாங்கிக்கொண்டது. வாடாமல் துளிர்த்தால் திருஷ்டி அண்டவே இல்லை. எப்படிப் பார்த்தாலும் கற்றாழைக்கே வெற்றி. பொய்யென்று காட்ட வழியே இல்லாத கொள்கை அறிவியலாகாது என்று கார்ல் பாப்பர் 1934-இல் எழுதினார். அவருடைய வியன்னாவில் கற்றாழை கட்டும் வழக்கம் இல்லை. ஆகவே துணிந்து எழுத முடிந்தது.

தாவரவியலார் தரப்பையும் கேட்பது ஆய்வு நெறி. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கின்றன. கற்றாழை இரவில் திறக்கிறது. அப்போது உள்ளிழுத்த கரியமில வாயுவை அமிலமாக்கி வைத்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடியபடியே உணவு சமைக்கிறது. ஆவியாகிப் போகும் நீர் மிகக் குறைவு. இலைக்குள் இருக்கும் சோறும் நீர்ச் சேமிப்பே. அதனால்தான் மண்ணின்றி மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. நுனி மேல்நோக்கி வளைவதும் எதிரியை முறைப்பதற்காக அல்ல. புவியீர்ப்புக்கு எதிராக வளர்வது தண்டின் இயல்பு. இதையெல்லாம் திண்ணையில் எடுத்துரைத்தபோது வந்த மறுமொழி: "அதான் சொல்றேன், ராத்திரி வாயத் தொறந்து திருஷ்டிய முழுங்கிடுது!"

மருத்துவப் பிரிவு தொட்டியில் இயங்குகிறது. மடலை அறுத்ததும் வடியும் மஞ்சள் பால் கடுங்கசப்பு, வயிற்றைக் கலக்கிவிடும். மருந்துச் சீட்டின்றி விற்கும் பேதி மருந்துகளில் இதைச் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002-இல் முடிவெடுத்தது. "ஏழு தண்ணியில அலசு" என்று அத்தைமார்கள் அதற்கு வெகு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள். ஆறு தண்ணீர் ஏன் போதாது என்பது தனி முனைவர் பட்டத்துக்குரியது. இதே கசப்பை மார்பில் தடவிப் பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதும் உண்டு.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று. முகப்பருவுக்கோ தலைமுடிக்கோ வாசலில் தொங்குவதை யாரும் அறுப்பதில்லை. விழுங்கிய திருஷ்டியெல்லாம் முகத்தில் இறங்கிவிடும் என்ற அச்சம். திருஷ்டியே கிடையாது என்று வாதிடும் பகுத்தறிவாளர்களும் தொட்டிச் செடியையே நாடுகிறார்கள்.

கடைசியாகக் கல்வெட்டியல். பூங்காக் கற்றாழை மடல்களில் காதலர் கீறிய பெயர்கள் வடுவாகி, மடல் உள்ளவரை நிலைக்கின்றன. ஒரே செடியில் ஒரே ஆண் பெயருக்கு அருகே, வெவ்வேறு மடல்களில், வெவ்வேறு பெண் பெயர்கள் கிடைக்குமானால் காலக்கணிப்பு தேவைப்படும். கற்றாழை நடுவிலிருந்து துளிர்ப்பதால் வெளிமடலே மூத்தது. ஆகவே வெளிமடல் பெண்ணையே முற்காலத்தவர் எனக் கொள்ளலாம். இருவரும் சமகாலத்தவர் என்ற மாற்றுக் கருத்தையும் ஒதுக்கிவிட முடியாது.